எட்டிக்கொட்டையும் சீனி உருண்டையும்

மறுபடியும் அந்த வட்ஸ்அப் செய்தி சுற்றத் தொடங்கிவிட்டது. எட்டிக்கொட்டைப் படம், கீழே ‘நஞ்சையே மருந்தாக்கிய நம் முன்னோர்’, அதற்கும் கீழே ஹோமியோபதிக்காரர் எட்டியின் லத்தீன் பெயரில் விற்கும் நக்ஸ் வாமிகா 30 சீனி உருண்டைக் குப்பி. வயிற்றுப் பொருமல், மலச்சிக்கல், கல்யாண வீட்டில் அளவுக்கு மீறிச் சாப்பிட்டது, குடித்தது, சிடுசிடுப்பு எல்லாவற்றுக்கும் அதுதானாம்.

அந்தக் குப்பிக்கும் நம் முன்னோருக்கும் சம்பந்தமில்லை. ஹோமியோபதியின் அடிப்படையை 1796இல் எழுதியவர் சாமுவேல் ஹானிமன் என்ற ஜெர்மன் வைத்தியர். மரம் மட்டும்தான் நம்முடையது. எட்டி, காஞ்சிரை, எல்லாம் ஒன்றுதான். அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் பக்கம் காஞ்சிரங்குடா என்று ஊரே இருக்கிறது. பழம் தோடம்பழ நிறத்தில் ஆசை காட்டும். உள்ளே தட்டையான சாம்பல் நிறக் கொட்டைகள். அவற்றில் ஸ்ட்ரிக்னின், புரூசின் என்று இரண்டு நஞ்சுகள். 30 முதல் 120 மில்லிகிராம் ஸ்ட்ரிக்னின் வளர்ந்த ஆளையே கொன்றுவிடும். தசைகளை அடக்கி வைக்கும் நரம்புச் சமிக்ஞையை அது தடுத்துவிடுவதால், சின்னச் சத்தம் கேட்டாலும் உடம்பு வில்லாக வளைந்து இழுக்கும். அவ்வளவும் நடக்கும்போது நினைவு தப்பாது என்பதுதான் கொடுமை. கடைசியில் மூச்சுத் தசைகள் இறுகி ஆள் போய்விடும்.

சரி, அப்படியென்றால் அந்தக் குப்பி மருந்தைச் சாப்பிட்டவர்களுக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? அதில் எட்டி இல்லை, அதனால்தான். 30 என்றால், நூறில் ஒரு பங்காகக் கரைத்துக் குலுக்குவதை முப்பது தடவை செய்திருக்கிறார்கள் என்று பொருள். மட்டக்களப்பு வாவி முழுவதிலும் ஒரு துளியைக் கலந்தால்கூட அது ஒன்பதாவது தடவையின் அளவுக்கு ஐதாகாது. பன்னிரண்டைத் தாண்டினால் மூல மருந்தின் ஒரு மூலக்கூறாவது மிஞ்சுவதே சந்தேகம். குலுக்கும்போது மருந்தின் சக்தி நீரில் ஏறிவிடும் என்பது அவர்களின் பதில். எனக்கு அது ஒட்டவில்லை. ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆய்வுச் சபை 2015இல் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துவிட்டு, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்றுதான் சொன்னது. கல்யாண வீட்டுப் பொருமல் சும்மா விட்டாலும் மறுநாள் போய்விடும், பெயரை மட்டும் உருண்டை வாங்கிக்கொள்ளும்.

சீனி உருண்டை சாப்பிடுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நெஞ்சுவலியை வாய்வு என்று நினைத்து அதோடு வீட்டில் இருந்துவிடாத வரைக்கும், சாப்பிடட்டும். எனக்குக் கோபம் அந்தப் படத்தைச் சேர்த்தவர் மேல்தான். உருண்டை ஒன்றும் செய்யவில்லை, ஆகவே கொட்டையும் ஒன்றும் செய்யாது என்று வாசிக்கிறவர் நினைத்துவிடுவார். சித்த மருத்துவத்தில் கொட்டை உண்மையாகவே சேர்கிறது. பாலில் அவித்து, தோலும் உள்முளையும் நீக்கிச் சுத்தி செய்த பிறகும் நஞ்சு குறையுமே தவிர முழுக்கப் போகாது. அதனால்தான் கைதேர்ந்த பரியாரிமார் அளவு விஷயத்தில் அவ்வளவு கண்டிப்பு. ஹோமியோபதியிலும் மதர் டிங்சர் என்று விற்கும் மூலச்சாறு வேறு கதை. அதில் ஐதாக்கல் இல்லை, நஞ்சு இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே மாதிரிக் குப்பி.

இன்னொன்றும் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரைத் தெளியவைக்கும் தேத்தாங்கொட்டை எட்டியின் நெருங்கிய சொந்தம். காட்டோரத்தில் எட்டிக்கொட்டையைப் பொறுக்கிக்கொண்டு வந்து, இதுதான் தேத்தாங்கொட்டை என்று நினைத்தால் முடிந்தது. யாராவது தின்றுவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயல வேண்டாம், அதுவே இழுப்பைக் கிளப்பிவிடும். நேரே ஆஸ்பத்திரி. இந்த நஞ்சை முறிக்கும் மருந்து கிடையாது. இழுப்பை அடக்கி மூச்சைக் காப்பாற்றுவது அங்கேதான் முடியும்.

‘எங்கட அம்மப்பா எட்டிக்கொட்டை சாப்பிட்டுத் தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்தவர்’ என்று கீழே எழுத வருகிறவர்கள், அதைக் கொடுத்த பரியாரி எதில் ஊறவைத்தார், எத்தனை நாள், எவ்வளவு கொடுத்தார் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.