‘பின்’ என்றால் எந்தப் பின்?

போன மாதம் ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு ஒரு மாணவி மட்டும் தயங்கித் தயங்கி நின்றாள். வாடிக்கையாளர் சேவையில் இருக்கிறாள், நாள் முழுக்க ஹெட்செட் மாட்டிக்கொண்டு வெளிநாட்டுக்காரர்களிடம் பேசுகிற வேலை.

"மேடம், எனக்கு அமெரிக்கன் ஆக்சென்ட் சொல்லிக் குடுங்க."

என்ன ஆயிற்று என்று கேட்டேன். அன்றைக்கு ஒருவரிடம் அவருடைய பின்னை மாற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். அவர் "எதை மாற்ற வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார். இவள் மறுபடியும் பின் என்றாள். அவருக்கு அது குப்பைத்தொட்டி என்று கேட்டிருக்கிறது. மூன்றாவது முறை கத்தியே சொல்லிவிட்டாள். கத்தினால் குப்பைத்தொட்டி பெரிய குப்பைத்தொட்டி ஆகுமே தவிர வேறொன்றும் ஆகாது.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். இந்தப் பதிவில் நான் ‘பின்’ என்று எழுதினால், கடவு எண்ணா குப்பைத்தொட்டியா என்று உங்களாலும் சொல்ல முடியாது. நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ‘ப’தான். பழம் என்றால் ஒரு மாதிரி, கம்பம் என்றால் இன்னொரு மாதிரி ஒலிக்கிறோம், ஆனால் அப்படி ஒலிக்கிறோம் என்றே நமக்குத் தெரியாது. இடத்தைப் பார்த்து வாய் தானாகவே மாற்றிக்கொள்கிறது. எழுத்து மாறாததால் காதும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

நான் நோட்டிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு காகிதத் துண்டு கிழித்து அவள் உதட்டுக்கு முன்னால் பிடித்தேன். "பின் சொல்லு." காகிதம் அசையவில்லை. நான் சொல்லிக் காட்டினேன், காகிதம் படக்கென்று ஆடியது. இங்கிலீஷில் சொல்லின் தொடக்கத்தில் வரும் ப, ட, க ஒலிகளோடு கொஞ்சம் மூச்சும் சேர்ந்து வெளியே வரும். அந்த மூச்சு இல்லாவிட்டால் அவர்கள் காதில் அது ‘பழம்’ என்பதில் வருகிற பவாக விழாது, ‘கம்பம்’ என்பதில் வருகிற பவாக விழும். ஆனால் ஸ் முன்னால் வந்துவிட்டால், ஸ்பின் என்பதுபோல, அந்த மூச்சு காணாமல் போய்விடும். ஸ்பின் சொன்னாலும் காகிதம் அசையாது. பத்து நிமிடம் காகிதத்தை ஆட்டிக்கொண்டே இருந்தாள். வீட்டுக்குப் போகும்போது அந்தத் துண்டையும் எடுத்துக்கொண்டு போனாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது அமெரிக்க ஆக்சென்ட் இல்லை, ஒரு சின்ன மூச்சு. பதினோரு வருடமாகப் பெரியவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். உச்சரிப்பு என்ற பேரில் நாம் செலவழிக்கிற நேரத்தில் பாதி தேவையில்லாத இடத்தில் போகிறது என்பது என் கட்சி. தேவையான இடத்தை யாரும் தொடுவதே இல்லை.

வாயைப் பற்றிப் பேசுவது நமக்குப் புதிதும் இல்லை. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் மூன்றாவது இயலே பிறப்பியல்தான். மூச்சு எங்கிருந்து கிளம்புகிறது, நாக்கு எங்கே தொடுகிறது, உதடு என்ன செய்கிறது என்று ஒவ்வொரு எழுத்துக்கும் அங்கே சொல்லியிருக்கிறது. அப்படிப்பட்ட இலக்கணம் உள்ள மொழியிலிருந்து வந்துவிட்டு, இங்கிலீஷ் வகுப்பில் மட்டும் "நல்லா கேளு, அப்படியே சொல்லு" என்கிறோம். கேட்டதும் அப்படியே சொல்ல வருமென்றால் அவர் வகுப்புக்கே வந்திருக்க மாட்டார்.

உச்சரிப்புப் புத்தகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தவற்றில் பல, ஷிப்–ஷீப் என்றுதான் ஆரம்பிக்கும். கப்பலா ஆடா? ஸ்பானிஷ் பேசுகிறவருக்கு இது பெரும் தலைவலி, ஏனென்றால் அவர் மொழியில் இ ஒன்றுதான். நமக்கு? விடு–வீடு, கல்–கால் என்று குறிலும் நெடிலும் பேசியே வளர்ந்தவர்கள் நாம். ஷிப், ஷீப் இரண்டின் ஒலிக்கும் நீளத்தில் மட்டுமல்ல, தன்மையிலும் வித்தியாசம் உண்டு. இருந்தாலும் நம் குறில் நெடிலை வைத்தே முக்கால்வாசி தப்பித்துவிடலாம். அதற்குப் போய் முதல் இரண்டு வகுப்பை ஏன் கொடுக்க வேண்டும்? நம் ஆட்கள் உண்மையிலேயே தடுமாறுகிற இடங்கள் வேறு. பூனையும் வாயிற்கதவும் இரண்டுமே ‘கேட்’. மேற்குத் திசையும் உள்ளே போடும் பனியனும் இரண்டுமே ‘வெஸ்ட்’.

அப்புறம், திங்க் என்பதில் வருகிற அந்த முதல் ஒலி. நாக்கைப் பல்லுக்கு நடுவே நீட்டு, காற்றை விடு, இன்னும் நீட்டு என்று ஆளாளுக்குக் கண்ணாடியைக் கொடுத்து ஒரு மணி நேரம் வதைப்பார்கள். நானும் வதைத்திருக்கிறேன். நம் ‘த’வைப் போட்டுத் ‘திங்க்’ என்று சொன்னால் கேட்கிறவருக்கு என்ன குழப்பம் வந்துவிடப் போகிறது? அயர்லாந்தில் பிறந்து வளர்ந்தவர்களே பலர் ஏறத்தாழ அப்படித்தான் சொல்கிறார்கள். அவர்களை யாரும் வகுப்புக்கு அனுப்புவதில்லை.

1995இல் மர்ரே மன்றோ, டிரேசி டெர்விங் என்ற இரண்டு மொழி ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சீனாவின் மாண்டரின் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் இங்கிலீஷில் பேசியதைப் பதிவு செய்து, இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடம் போட்டுக் காட்டி, கேட்டதை எழுதச் சொன்னார்கள். ஆக்சென்ட் எவ்வளவு கனமாக இருக்கிறது என்று மதிப்பெண்ணும் போடச் சொன்னார்கள். ‘ரொம்பக் கனமான ஆக்சென்ட்’ என்று மதிப்பெண் வாங்கிய பேச்சிலும் பலவற்றை ஒரு சொல் விடாமல் சரியாக எழுதியிருந்தார்கள். அதாவது வேற்று ஆள் என்று தெரிவது வேறு, புரியாமல் போவது வேறு. நாம் இரண்டையும் ஒன்றாகக் கட்டி, முதலாவதைச் சரிசெய்ய ஓடிக்கொண்டிருக்கிறோம்.

சரி, எது புரியாமல் செய்கிறது?

முதலில், சொல்லின் வால். தமிழில் சொல் க், ட், ப் என்று மொட்டையாக முடியாது. அதனால் கடைசியில் ஒரு உகரத்தை ஒட்டவைத்து பஸ்ஸு, கப்பு, ஸ்டாப்பு என்று முடிப்போம். குற்றியலுகரம் நம் ரத்தத்திலேயே இருக்கிறது. இதற்கு நான் செய்வது எளிது. ஸ்டாப் என்று சொல்லி உதட்டை மூடு, மூன்று எண்ணும்வரை திறக்காதே. வகுப்பில் இருபது பேரும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டும். யாராவது ஒருவர் சிரித்துவிடுவார், ஒரு ‘ப்பு’ தப்பித்து வெளியே வந்துவிடும்.

இறந்தகால வினையும் இந்த வகைதான். இங்கிலீஷ் எழுத்தில் கடைசியில் ‘ஈடி’ இருக்கிறதே என்று வாக்கெட், வாஷெட் என்று ஓர் அசையைக் கூட்டிவிடுகிறோம். வினையின் கடைசி ஒலி ட வகையாக இருந்தால் மட்டுமே அந்தக் கூடுதல் அசை. வான்டட், நீடட் சரி. மற்றதெல்லாம் வாக்ட், வாஷ்ட், பிளேய்ட்.

இரண்டாவது, அழுத்தம். என்னைக் கேட்டால் முதலிடம் இதற்குத்தான். தமிழில் ஓர் அசையைத் தூக்கி மற்றதை விழுங்கினால் பொருள் மாறாது. இங்கிலீஷ் அப்படியில்லை. புகைப்படத்துக்கான ‘ஃபோட்டோகிராஃப்’ என்ற சொல்லில் முதல் அசை ஓங்கும். அதை எடுப்பவரைச் சொல்லும்போது இரண்டாவது அசை, அது சார்ந்தது என்னும்போது மூன்றாவது. ஓங்காத அசைகள் பெரும்பாலும் தேய்ந்து, அவும் இல்லாத எவும் இல்லாத ஒரு சோம்பேறி ஒலியாகிவிடும். இங்கிலீஷில் மிக அதிகமாக வரும் உயிரொலி அதுதான், ஆனால் அதற்கென்று ஓர் எழுத்தே கிடையாது! நாம் எல்லா அசைக்கும் சம உரிமை கொடுத்துப் பேசுகிறோம். நியாயமான குணம்தான், கேட்கிறவருக்குத்தான் எந்தச் சொல் என்று பிடிபடுவதில்லை. 13க்கும் 30க்கும் இந்தச் சண்டை அன்றாடம் நடக்கிறது. முன்னதில் இரண்டாவது அசையை ஓங்கி, கடைசி ‘ன்’னை விடாமல் பிடித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்ற மொழியியலாளர் 2000இல், உலகப் பொது மொழியாக இங்கிலீஷைப் பேசுகிறவர்களுக்கு எந்த ஒலிகள் கட்டாயம், எவை தேவையில்லை என்று ஒரு பட்டியல் போட்டார். அந்தத் ‘திங்க்’ ஒலி தேவையில்லை என்றார், பின்னின் மூச்சு தேவை என்றார். இரண்டுக்கும் கை தட்டினேன். ஆனால் தனிச்சொல்லின் அழுத்தத்தைக் கட்டாயப் பட்டியலில் சேர்க்கவில்லை, அதைச் சொல்லிக்கொடுத்து வரவைப்பது கடினம் என்றார். இதில் எனக்கு உடன்பாடில்லை. ரப்பர் பேண்டை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, ஓங்கும் அசை வரும்போது இழுத்துச் சொல்லச் சொன்னால் ஐம்பது வயதுக்காரருக்கும் வருகிறது. கடினம் என்றால் கொஞ்ச நாள் ஆகும், அவ்வளவுதானே.

வாக்கியத்தில் எந்தச் சொல் ஓங்குகிறது என்பதை ஜென்கின்ஸும் கட்டாயம் என்கிறார். இதைச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தமிழே கை கொடுத்தது. நம்மிடம் ‘தான்’ இருக்கிறது. நான்தான் நேற்று அவளிடம் சொன்னேன். நான் நேற்றுதான் அவளிடம் சொன்னேன். நான் நேற்று அவளிடம்தான் சொன்னேன். இந்தத் தானுக்கு இங்கிலீஷில் ஒரு சொல்லைத் தேடித்தான் நம்மவர்கள் ‘ஒன்லி’யைப் பிடித்தார்கள். "எஸ்டர்டே ஒன்லி ஐ டோல்ட் ஹர்" என்பது அப்படிப் பிறந்ததுதான். இங்கிலீஷ்காரர் பெரும்பாலும் தானைச் சொல்லாகப் போடுவதில்லை, குரலில் போடுகிறார். அதே "ஐ டோல்ட் ஹர் எஸ்டர்டே"தான், ஐயை ஓங்கினால் நான்தான், ஹர்ரை ஓங்கினால் அவளிடம்தான்.

இதை விளையாட்டாக நடத்துவேன். இரண்டு பேர் முதுகோடு முதுகாக உட்காருவார்கள். ஒருவர் கையில் தமிழ் வாக்கியம், தான் எங்கே இருக்கிறது என்று அவருக்கு மட்டும் தெரியும். அதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும், ஒன்லி போடக் கூடாது. மற்றவர் கேட்டுவிட்டு, தானை எங்கே கேட்டாரோ அங்கே வைத்துத் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும். தான் இடம் மாறியிருந்தால் யாருடைய தவறு என்று அவர்களே அடித்துக்கொள்வார்கள். நான் வாயே திறக்க வேண்டியதில்லை.

வாயைத் திறக்காமல் இருக்க எனக்குப் பல வருடம் பிடித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் ஓர் இளைஞன் வந்தான், ரொம்பக் கூச்சம். ஒரு மாதம் கழித்து, ஒரு நாள் தானாகவே எழுந்து பேச ஆரம்பித்தான். ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சு வலி, வண்டி கிடைக்கவில்லை, தாங்கிப் பிடித்துக்கொண்டு நடந்தே போயிருக்கிறார்கள். "வீ வாக்கெட்..." என்றான். நான் உடனே, "வாக்ட்" என்றேன். "வாக்ட்" என்றான். "குட், கன்டினியூ" என்றேன். அவன் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். "அவ்ளோதான் மேடம்" என்று உட்கார்ந்துவிட்டான். அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. அவன் அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது ஒருவர் பேசும்போது நான் கையில் பேனா வைத்துக்கொள்வதில்லை. கதை முழுவதும் முடியட்டும். பெரும்பாலும் ஒரே கதையை மூன்று பேரிடம் சொல்லவைப்பேன்: முதல் ஆளிடம் 4 நிமிடம், அடுத்தவரிடம் 3, கடைசி ஆளிடம் 2. இது பழைய வகுப்பறை உத்திதான். மூன்றாவது முறை ‘ம்ம்... அது வந்து...’ எல்லாம் தானாகவே உதிர்ந்துவிடும். அதற்கப்புறம், புரியாமல் செய்த ஒன்றையோ இரண்டையோ எடுத்துப் பேசுவோம். வாக்கெட் அதில் வந்தால் வரும், வராமலும் போகும்.

தேர்வு எழுதப் போகிறவர்கள் இதைக் கேட்டுப் பதறுவார்கள். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடம். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு நான்குக்கும் சம பங்கு. உச்சரிப்பில் அவர்கள் பார்ப்பது எவ்வளவு சுலபமாகப் புரிகிறது என்பதை. லண்டன்காரர் மாதிரி பேசினால்தான் மதிப்பெண் என்று எங்கும் இல்லை. ஆக்சென்டை வரவழைக்கப் போய்ப் பேச்சே திக்கினால் சரளத்திலும் மதிப்பெண் போகும்.

காகிதத் துண்டு மாணவி நேற்று வந்தாள். முகத்தில் ஒரே சிரிப்பு.

"மேடம், பின் சரியாயிடுச்சு. ஒரே தடவைல புரிஞ்சுக்கறாங்க."

"அப்புறம் என்ன?"

"இப்போ அவங்க பேசறதுதான் மேடம் எனக்குப் புரியல. வாடயா, வாடயான்னு என்னமோ கேக்கறாங்க."

வாட் டூ யூ என்ற மூன்று சொல்லும் சேர்ந்து நசுங்கி வாடயா ஆன கதையைக் கரும்பலகையில் எழுத ஆரம்பித்தேன். அவள் நோட்டைத் திறந்தாள். உள்ளே அந்தக் காகிதத் துண்டு, ஓரமெல்லாம் கசங்கி, பக்க அடையாளமாக இருந்தது.