அலாரம் மட்டும் ஏன் 'ஆஃப்' ஆகி அலறுகிறது?

இன்றும் மேனேஜர் என் ஆங்கில மெயிலைத் திருத்தி அனுப்பிவிட்டார். 'டிஸ்கஸ் அபவுட்' தப்பாம், வெறும் 'டிஸ்கஸ்' போதுமாம். சரி. அப்படியென்றால் 'டாக்' பக்கத்தில் மட்டும் அந்த அபவுட் எதற்கு? இரண்டும் பேச்சுதானே! அதே டிஸ்கஸ், 'டிஸ்கஷன்' என்று பெயர்ச்சொல்லானால் அபவுட் தாராளமாக வரலாமாம். வாசலில் துரத்திய ஆளைக் கொல்லைப்புறமாகக் கூப்பிட்டு இலை போடுகிறார்கள்.

காரில் ஏறினால் 'கெட் இன்', பஸ்ஸில் ஏறினால் 'கெட் ஆன்'. நான் என்ன பஸ் கூரையிலா போகிறேன்? படிவத்தை 'ஃபில் இன்' செய்தாலும் 'ஃபில் அவுட்' செய்தாலும் ஒன்றேதான். உள்ளேயும் வெளியேயும் ஒன்றான அத்வைதம்!

இந்த 'கோ ஆஃப்' இருக்கிறதே, அதுதான் உச்சம். லைட் ஆஃப் ஆனால் அணைகிறது. பால் ஆஃப் ஆனால் கெட்டுப்போகிறது. அலாரம் ஆஃப் ஆனால் மட்டும் காது கிழிய அலறுகிறது!

'புட்' அதற்கு மேல். 'ஆன்' சேர்ந்தால் உடுத்து, 'ஆஃப்' சேர்ந்தால் தள்ளிப்போடு, 'அவுட்' சேர்ந்தால் நெருப்பை அணை. சகித்துக்கொள்ள மட்டும் 'அப்', 'வித்' என்று இரண்டு வால். (அது நியாயம்தான். சகிப்பது சும்மாவா?)

மேனேஜருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். 'ரிப்ளை'க்கு 'டு' வேண்டும், 'ஆன்சர்' என்றால் வேண்டாமாம். போனைப் போட்டுத் தமிழிலேயே பேசிவிட்டேன்.