‘3 மணி நேரம் பார்த்தால் பதற்றம் இரு மடங்கு’ நிரூபிக்கப்பட்டதா?

“தினமும் 3 மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகம் பார்த்தால் பிள்ளைகளுக்குப் பதற்ற நோய் இரு மடங்கு வரும், அமெரிக்க அரசே நிரூபித்துவிட்டது” என்று ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு சுற்றுகிறது.

நிரூபிக்கவில்லை. அமெரிக்காவின் அப்போதைய சர்ஜன் ஜெனரல் (அரசின் தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரி) விவேக் மூர்த்தி 2023 மே மாதம் வெளியிட்ட அறிவுரையிலிருந்து பிய்த்தெடுத்த வரி இது. அதிகம் பார்ப்பவர்களிடம் மனச்சோர்வு, பதற்ற அறிகுறிகளுக்கான அபாயம் இரு மடங்கு என்று அதில் இருப்பது உண்மைதான். ஆனால் இதுவரை வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை வெறும் ஒட்டுறவை, அதாவது இரண்டும் சேர்ந்து வருவதை மட்டும், காட்டுபவை என்றும் அதே ஆவணம் சொல்கிறது. அந்த வரியை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை! ஏற்கெனவே பதற்றத்தில் இருக்கும் பிள்ளை போனுக்குள் ஒதுங்கினாலும் கணக்கில் இதே தொடர்புதான் வரும். பிற காரணங்களைக் கழித்துப் பார்க்கும் ‘ரிக்ரெஷன்’ என்ற புள்ளியியல் கணக்கில் வயது, குடும்ப வருமானம் என்று எதைச் சேர்த்தாலும், தூக்கக் குறைவு போல அளக்காமல் விட்ட காரணம் கணக்குக்கு வெளியேதான் நிற்கும்.

2019-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் இருவர் 3.5 லட்சத்துக்கும் அதிகமான பதின்ம வயதினரின் தரவுகளை அலசினார்கள். மனநலத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் டிஜிட்டல் பயன்பாடு விளக்கியது அதிகபட்சம் 0.4 சதவீதம். உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் மனநலத்துக்கும் ஏறக்குறைய அதே அளவு தொடர்பு இருந்தது. சரி, அதற்காக ‘1,000 பேரில் 4 பேருக்குத்தான் பாதிப்பு’ என்று அடுத்த ஃபார்வர்டைக் கிளப்ப வேண்டாம், 0.4 என்பது பாதிக்கப்பட்டவர்களின் தலைக்கணக்கு இல்லை, அந்த வேறுபாட்டில் ஒரு பங்கு. சமூக ஊடகம் பாதுகாப்பானது என்று சொல்லவும் போதிய சான்று இல்லை என்கிறது அறிவுரை.

அறிவுரை அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் தளத்திலும், ஆக்ஸ்போர்டு ஆய்வு ‘நேச்சர் ஹியூமன் பிஹேவியர்’ இதழிலும் இருக்கின்றன. அந்த ஃபார்வர்டு உங்களுக்கும் வந்தால், தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.