இறால் குட்டைத் தண்ணீர் எங்கே போகிறது?

“பண்ணையில் இறால் வளர்த்தால் கடல் தப்பிக்கும்” என்று நண்பர் ஒருவர் பதிவு போட்டிருந்தார். நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் சீர்காழிப் பக்கம் ஒரே ஒரு அறுவடையை ராத்திரி நின்று பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்.

நான் பார்த்திருக்கிறேன். ஆற்றில் தண்ணீர் வற்றும் நேரமாகப் பார்த்து மதகைத் திறந்தார்கள். இறால் வலைப்பையில் விழ, தண்ணீர் வாய்க்கால் வழியாக உப்பனாற்றுக்குப் போனது. முதலில் பச்சை, கடைசியில் கறுப்பு. இறால் தின்னாமல் விட்ட தீவனம், அதன் கழிவு, உரித்த தோல் எல்லாம் மாதக்கணக்கில் அடியில் கிடந்து அழுகிய சேறு அது. அழுகிய முட்டை நாற்றம், மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நிற்க முடிந்தது. அந்தச் சேற்றிலிருக்கிற தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) ஆற்றில் பாசியைக் கிளப்பிவிடும், அந்தப் பாசி செத்து மக்கும்போது தண்ணீரில் இருக்கிற கொஞ்சநஞ்ச ஆக்சிஜனும் போய்விடும். மடவை மீன் குஞ்சும் கொடுவா மீன் குஞ்சும் வளர்வது இந்த மாதிரி இடத்தில்தானே? ஏன், கடலில் பிடிக்கிற இறாலிலேயே பல வகை சின்ன வயதில் கழிமுகத்தில் வளர்ந்துவிட்டுப் போனதுதான்.

நோய் விழுந்த குட்டை என்றால் இன்னும் மோசம். 1994, 95ல் கிழக்குக் கரை முழுக்கக் குட்டைகளைக் காலி செய்த வெள்ளைப்புள்ளி வைரஸ் இறாலோடு நிற்காது, நண்டுக்கும் தொற்றும். மருந்து போட்டுக் கொல்லாமல் அவசரத்தில் மதகைத் திறந்துவிட்டால் ஆற்று நண்டுக்கும் ஆபத்து, அதே ஆற்றில் மோட்டார் போட்டுத் தண்ணீர் இழுக்கிற பக்கத்துக் குட்டைக்காரருக்கும் ஆபத்து.

அப்புறம் தீவனம். அந்த மூட்டைக்குள் இருக்கிற மீன்தூள் எங்கிருந்து வருகிறது? மத்தி, அதோடு விசைப்படகு இழுவை வலையில் சிக்கி, ஏலத்தில் விலை போகாத கழிசல். அதில் நிறைய, விட்டிருந்தால் பெரிய மீனாகியிருக்கும் குஞ்சுகள். கடலைக் காப்பாற்றுகிற லட்சணம் இது.

சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில், அதாவது கட்டுப்பாடு போட்ட கடலோரப் பகுதியில், இறால் குட்டையே கூடாது, இருப்பதையும் அகற்று என்று தீர்ப்பு சொன்னது. பழைய பாரம்பரிய முறைக்கு மட்டும் விலக்கு. 2005ல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டு, பதிவு செய்துகொண்டால் போதும் என்று வழிவிட்டது. 2009ல் வனாமி என்கிற வெளிநாட்டு இறாலை வளர்க்க அனுமதி வந்தது. எத்தனை சின்னப் பண்ணையாக இருந்தாலும் வனாமி போட்டால் கழிவுநீரைச் சுத்திகரிக்கத் தனிக் குட்டை வேண்டும் என்று அப்போது விதி போட்டார்கள். நான் நின்ற இடத்தில் அப்படி ஒரு குட்டை இருந்தது, சும்மா சொல்லக்கூடாது. அதிலும் இறால்தான் விட்டிருந்தார்கள்.

குட்டைக்காரர்கள் எல்லாரும் பணக்காரர்கள் இல்லை, தெரியும். நகையை அடகு வைத்துக் குஞ்சு வாங்கினவருக்குக் கால் ஏக்கரைச் சுத்திகரிப்புக்கு ஒதுக்குவது வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்தக் கால் ஏக்கர் லாபத்துக்கான செலவை உப்பனாற்றில் நண்டு வலை போடுகிற எங்கள் சித்தப்பா ஏன் கட்ட வேண்டும்? சுத்திகரிப்புக் குட்டையில் இறால் விட்டால் பதிவை ரத்து செய்யுங்கள். அதுவரைக்கும், மதகு திறக்கிற நாளையாவது முந்தின நாளே கரையில் சொல்லிவிடுங்கள், அவர் வலையை எடுத்துக்கொள்வார்.