மூலையில் இருந்த பெயர்

நேற்றிலிருந்து ஸ்கிரீன்ஷாட் அனுப்பிக்கொண்டே இருப்பவர்களுக்கு: பார்த்துவிட்டேன். அந்த நாவலின் இரண்டாம் பதிப்பு அட்டையில் இருப்பது நான் வரைந்த படம்தான். முதல் பதிப்பில் கீழே வலது மூலையில் என் கையெழுத்து இருந்தது. இப்போது இல்லை. உள்ளே, நூல் விவரம் இருக்கும் பக்கத்திலும் பெயர் இல்லை. அச்சகத்தின் பெயர் இருக்கிறது. தாளின் எடைகூட இருக்கிறது.

பெயர் விட்டுப்போவது வேறு, பெயரை எடுப்பது வேறு. விட்டுப்போயிருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது. இதை யாரோ உட்கார்ந்து, ஃபைலைத் திறந்து, ஜூம் செய்து அழித்திருக்கிறார்கள்.

"காசு வாங்கிட்டீங்கல்ல?" என்று ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார். வாங்கினேன் அண்ணே. நாலாயிரம். இரண்டு தவணையாக; இரண்டாவது வர எட்டு மாதம். 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவைக் கொஞ்சம் படியுங்கள். உரிமையையே விற்றுவிட்டாலும், 'இது நான் செய்தது' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை செய்தவனிடமே இருக்கும். ஓவியமும் அதில் சேர்த்திதான்.

சின்னப் பதிப்பகம், பாவம், நஷ்டத்தில் ஓடுகிறது என்கிறார்கள். என் பெயரை அச்சடிக்க எத்தனை லிட்டர் மை ஆகும்?

போன் செய்து பேசியிருக்கலாமே என்றால், மூன்று முறை செய்தேன். சரி, விடுங்கள்.

அப்பா போர்டு ஆர்ட்டிஸ்ட். டீக்கடை, சைக்கிள் கடை, ரைஸ் மில் என்று எது எழுதினாலும் கடைசியில் மெல்லிய பிரஷ்ஷை எடுத்து, மூலையில் தன் பெயரையும் 'ஆர்ட்ஸ்' என்பதையும் போடுவார். எந்த டீக்கடைக்காரரும் அதை அழித்ததில்லை. கொண்டையராஜு வரைந்த காலண்டர் முருகன் எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் இருந்தார். சாமி காலடியிலேயே ஓவியரின் பெயர். அதற்கும் சேர்த்துத்தான் அம்மா சூடம் காட்டுவாள். ஆனந்த விகடனில் கோபுலு என்ற கையெழுத்தைத் தேடிவிட்டுத்தான் அப்பா ஜோக்கையே படிப்பார். முருகன் படத்தில் இருந்த இடம் ஒரு நாவலின் அட்டையில் இல்லையாம்.

பிளெக்ஸ் வந்து அப்பாவின் பிரஷ் காய்ந்தது. நான் ஒரு பிளெக்ஸ் கடையில் கோரல் ட்ரா கற்றுக்கொண்டேன். என்னுடைய முதல் டிசைன், ஒரு காதுகுத்து விழா பேனர். தெருமுனையில் கட்டியதும் அப்பாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். மேலிருந்து கீழே பார்த்தார். "உன் பேரு எங்கடா?" என்றார். "கம்ப்யூட்டர் வேலையில அதெல்லாம் போட மாட்டாங்கப்பா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று வீடு வரும்வரை பேசவே இல்லை.

அப்புறம் எத்தனையோ வருடம் கழித்துத்தான், அந்த முதல் பதிப்பில், என் பெயரை நானே போட்டேன். அதைப் பார்க்க அப்பா இல்லை. அதைத்தான் அழித்திருக்கிறார்கள். நாலாயிரம் ரூபாய் பற்றி என்னிடம் பேசாதீர்கள்.

"இனிமேல் ஏஐயே அட்டை போட்டுக்கொள்ளும், உங்களை யார் தேடப் போகிறார்கள்?" என்று ஒரு தம்பி. போடட்டும் தம்பி. அதனிடமே போயிருக்கலாமே, என் படத்தை எதற்கு எடுத்தார்கள்?

புத்தகம் கையில் இருப்பவர்கள் அந்த மூலையைப் பாருங்கள். படம் முழுக்க வாட்டர்கலர் தாளின் சொரசொரப்பு தெரியும். அங்கே மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு வழவழவென்று இருக்கும். கேட்டிருந்தால் நானே சுத்தமாக அழித்துக் கொடுத்திருப்பேன்.