அரைக்கதவைத் தாண்டும் குதிரைக்கு முள்கம்பியா மருந்து?

லாயத்தின் அரைக்கதவை, அதாவது மேல்பாதியைத் திறந்துவிட்டு அடைத்திருக்கும் கீழ்ப்பாதிக் கதவைத் தாண்ட முயலும் குதிரையைக் கண்டால், ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் பலருக்கும் தோன்றுபவை இரண்டே யோசனைகள்தாம். ஒன்று, கழுத்துக் கயிற்றைக் குட்டையாக்குவது; மற்றொன்று, கதவின் மேல் முள்கம்பியைச் சுற்றுவது. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற என் பெண்குதிரையை நான் மாத வாடகை கொடுத்து நிறுத்தியிருக்கும் லாயத்திலும் இதையே சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

நாலடிக் கதவு பந்தயக் குதிரைக்கு ஓர் உயரமே அல்ல. ஆனால் லாயத்துக்குள் ஓடி வந்து எழும்ப இடம் இல்லாததால், அது முன்னங்கால்களை மட்டும் கதவுக்கு வெளியே போட்டுவிட்டு, வயிறு கதவின் விளிம்பில் அழுந்த நடுவில் தொங்கிவிடுகிறது. நானூறு, ஐந்நூறு கிலோ எடையுள்ள உடல் அந்த நிலையில் மிரண்டு உதறினால் தோல் கிழியும், கால் முறியும், கீல் பிய்த்துக்கொண்டு வரும். காப்பாற்ற ஓடும் லாயக்காரரின் உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. அந்த இடத்தில் முள்கம்பியும் இருந்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அந்த யோசனையை யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் சண்டை போட்ட பிறகு கதவுக்கு மேலே குறுக்காக ஒரே ஒரு கம்பை வைத்தார்கள். இது இன்னும் மோசம். இடைவெளி தெரிகிறவரை குதிரை அதில் நுழையத்தான் பார்க்கும். தலையும் முன்னங்கால்களும் வெளியே போன பின் முதுகு கம்பில் மாட்டிக்கொள்ளும். அதையும் சொன்னேன். உடனே மேல்கதவை அடைத்துவிட்டார்கள். சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழ், மூத்திர நெடி நுரையீரலில் ஏற, இருட்டில் நிற்க அது என்ன குற்றம் செய்தது? குட்டைக் கயிற்றில் கட்டினால் படுக்கவும் முடியாது. நியாயமற்ற அளவுக்குக் குட்டையான கயிற்றில் விலங்கை நெடுநேரம் கட்டி வைப்பது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி குற்றம் என்பதையும் எடுத்துச் சொன்னேன், கேட்பாரில்லை.

நான் கேட்பது ஒரு கிரில். அரைக்கதவின் மேல்விளிம்பிலிருந்து நிலையின் மேற்சட்டம் வரை செங்குத்துக் கம்பிகள், குளம்பு நுழையாதபடி இரண்டு அங்குலத்துக்கு மேற்படாத இடைவெளி, கால் மாட்டும்படியான குறுக்குக் கம்பிகளோ கூர்முனைகளோ எங்கும் இல்லாமை, வெளிப்பக்கம் திறக்கும் கதவு, மேலும் கீழும் ஒவ்வொரு தாழ்ப்பாள். காற்று வரும், வெளியே பார்க்கவும் முடியும். எந்த வெல்டிங் பட்டறையிலும் இதைச் செய்து தருவார்கள். ஆங்கிலேயர் காலத்தில் மத்திகிரிப் பண்ணையில் படைக்குதிரைகளை வளர்த்த வட்டாரம் இது. இங்கே இதற்குப் போய் இத்தனை வாதம் செய்ய வேண்டியிருக்கிறது.

கிரில் போட்டால் மட்டும் போதாது என்பதையும் அவர்கள் காதில் வாங்குவதில்லை. குதிரை கூட்டத்தில் வாழும் பிராணி. மற்றக் குதிரைகளை எல்லாம் வெளியே ஓட்டிச் சென்று இதை மட்டும் தனியே விடும்போதுதான் இது கதவின் மேல் பாய்கிறது; துணை இருக்கும் வேளைகளில் சாதுவாக நிற்கிறது. திமிர் என்கிறார்கள். திமிர் அல்ல, தனிமைப் பயம். ஒரு மட்டக்குதிரையையாவது அருகில் நிறுத்துங்கள், பக்கத்து அறையைப் பார்க்கும்படி சுவரில் கம்பி போட்ட திறப்பு வையுங்கள், நாளின் பெரும்பகுதி மெல்லுவதற்குக் காய்ந்த புல் போடுங்கள், காலையும் மாலையும் வெளியே விடுங்கள் என்கிறேன். நடையே இல்லாமல் நிறுத்தி வைத்துக் கொள்ளுப் பயறை மட்டும் வாரிப் போட்டால் அந்தத் தெம்பு எங்கே போகும்?

கிரில் செலவில் பாதியை நானே தருகிறேன் என்றும் சொல்லியாயிற்று. "பார்க்கலாம்" என்ற பதிலே இன்றும் வருகிறது. மாத வாடகையை மட்டும் முதல் தேதியே தவறாமல் வாங்கத் தெரிந்தவருக்கு, ஒரு கதவைச் சரிசெய்வதில் இன்னும் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?