அந்த ஓவியம் 1789-ஐக் காட்டவில்லை

மூவண்ணக் கொடியோடு ஒரு பெண் பிணங்களைத் தாண்டி மக்களை வழிநடத்தும் ஓவியத்தை ‘1789 பிரெஞ்சுப் புரட்சி’ என்று பலர் பகிர்கிறார்கள். இது தவறு. அதை வரைந்த டெலக்ருவா பிறந்ததே 1798-இல்தான்.

சரி, அது எந்தப் புரட்சி? 1830 ஜூலை 27 முதல் 29 வரை பாரிஸில் நடந்த எழுச்சி. மன்னர் பத்தாம் சார்லஸ் பத்திரிகைச் சுதந்திரத்தை முடக்கினார், புதிதாகத் தேர்வான சபையைக் கலைத்தார், வாக்குரிமையையும் சுருக்கினார். அச்சுத் தொழிலாளர்களும் மாணவர்களும் தெருவில் இறங்கினார்கள். சார்லஸ் முடிதுறந்தார். அதுவரை வெள்ளையாக இருந்த அரசுக் கொடி மறுபடி மூவண்ணமானதும் அப்போதுதான். ஆனால் குடியரசு வரவில்லை, லூயி பிலிப் என்ற இன்னொரு மன்னர்தான் வந்தார். இதைப் பலரும் கவனிப்பதில்லை. அடுத்த மாதமே பிரஸ்ஸல்ஸிலும் கிளர்ச்சி வெடித்தது. பெல்ஜியம் நெதர்லாந்திடமிருந்து பிரிந்து தனிநாடானது.